நூல் தெரியுற டயருக்கு இனிமே பஞ்சர் போட மாட்டோம், ஏன்னு சொல்லிடுறோம்

நம்ம கடைக்கு வர்ற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

போன வாரம் ரெண்டு பேர் கடையில கோவிச்சுக்கிட்டு போயிட்டாங்க. அதுல ஒருத்தர் பத்து வருஷமா நம்மகிட்ட வர்றவர், "பஞ்சர் போடத்தானே கடை வெச்சிருக்க, டயர் விக்கணும்னு பயமுறுத்துறியா"ன்னு நேராவே கேட்டுட்டார், மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. நம்ம மும்பை 90 ஃபீட் ரோட்ல பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க முன்னாடி அடுத்த வண்டி காத்து கிடக்க, வாசல்ல நின்னுக்கிட்டு இதெல்லாம் விளக்கி சொல்ல முடியல. அதான் இந்த மடல்.

விஷயம் இதுதான். முன் டயரோ பின் டயரோ, பட்டன், அதாவது ரோட்ட தொடுற மேடு மேடான ரப்பர், மொத்தமா தேஞ்சு உள்ள இருக்கிற நூல் வெளிய தெரிஞ்சா, இனிமே நாங்க பஞ்சர் போட்டு அனுப்ப மாட்டோம். எவ்வளவு காசு குடுத்தாலும் சரி, எவ்வளவு நாள் பழக்கமா இருந்தாலும் சரி.

ஏன் இந்த முடிவுன்னா, போன வருஷம் ஜூன்ல நடந்த ஒண்ணுதான். சாப்பாடு டெலிவரி பண்ற பையன், நம்ம ஊர்ப் பக்கத்து பையன்தான், ராத்திரி ஒன்பது மணி வாக்குல பின் சக்கரத்துல காத்து இறங்கி தள்ளிக்கிட்டு வந்தான். டயர திருப்பி பார்த்தா நடுவுல பட்டன்ங்கிறதே இல்ல, மொட்டையா பளபளன்னு இருக்கு, ஒரு இடத்துல வெள்ளையா நூல் எட்டி பார்க்குது, அதுக்கு முன்னாடியே அஞ்சு இடத்துல பஞ்சர் ஓட்டைக்கு ரப்பர் கயிறு வெச்சு அடைச்சிருக்கு. மாத்திடு தம்பின்னு சொன்னேன். சம்பளம் வந்ததும் மாத்திடுறேண்ணே, இன்னும் நாலு ஆர்டர் இருக்குன்னான். நானும் ஆறாவது கயிற வெச்சு, காத்து அடிச்சு, 100 ரூபா வாங்கிக்கிட்டு அனுப்பிட்டேன். மூணாம் நாள் மழையில சயான் பக்கம் ஃப்ளைஓவர் இறங்கும்போது அந்த இரும்பு ஜாயின்ட் மேல பிரேக் பிடிச்சிருக்கான், பின்னாடி அப்படியே வழுக்கி சுத்தி விழுந்து காலர் எலும்பு உடைஞ்சு ரெண்டு மாசம் வேலை இல்ல. வண்டி நம்ம கடை வாசல்லதான் நின்னுச்சு. அவங்க அம்மா வண்டிய எடுக்க வந்தப்ப குனிஞ்சு அந்த டயர கையால தடவி பார்த்துட்டு, "இதுலயாப்பா எம்புள்ள ஓட்டிக்கிட்டு இருந்தான்"னு கேட்டாங்க. அந்தப் பையன் இன்னைக்கு வரைக்கும் என்ன ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஆனா அந்த கடைசி கயிறு நான் வெச்சதுதான்.

இப்ப டயர் விஷயத்துக்கு வர்றேன். பலபேர் கேக்குறது, ரேஸ் பைக்ல மொட்டை டயர்தானே போடுறான், அவன் 300ல போறான், நான் 40ல போறதுக்கு என்னன்னு. நியாயமான கேள்விதான். காஞ்ச ரோட்ல பட்டன் தேவையே இல்ல, அது உண்மை. ஆனா அந்த ரேஸ் டயர் ரப்பர் ரொம்ப மிருதுவானது, ஓட்டுறதுக்கு முன்னாடியே கரண்ட் போர்வை சுத்தி சூடேத்தி வெப்பாங்க, மழை வந்தா அவங்களே பட்டன் வெச்ச மழை டயருக்கு மாத்திடுவாங்க. நம்ம டயர் தேஞ்சு மொட்டையானது, அதுல மிச்சம் இருக்கிறது பல வருஷம் வெயில்லயும் சூட்டுலயும் கெட்டிப்பட்டு போன ரப்பர். ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கலாம், தொட்டு பார்த்தா தெரிஞ்சிடும்.

பட்டனுக்கு நடுவுல இருக்கிற வெட்டு எதுக்குன்னா தண்ணி வெளிய போறதுக்கு. உங்க வண்டி ரோட்ட தொடுற இடம் ஒரு சக்கரத்துக்கு உங்க உள்ளங்கை அளவு கூட கிடையாது. மழையில அந்த இடத்துக்கு கீழ இருக்கிற தண்ணிய கண்ணிமைக்கிற நேரத்துல பக்கத்துல தள்ளி விட்டாதான் ரப்பர் ரோட்ட தொடும். வெட்டு இல்லன்னா தண்ணிக்கு போக வழி இல்ல, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுலயே நிக்கும், வேகம் கூட கூட இன்னும் மோசம். பைக் டயர் வட்டமா ஒடுக்கமா இருக்கிறதால கார் டயர் மாதிரி லேசுல தண்ணி மேல மிதக்காது, ஆனா தினமும் நேர் ரோட்லயே போயி போயி நடு பாகம் மட்டும் தட்டையா தேஞ்சிடுச்சுன்னா அந்த வட்டமும் போச்சு, தண்ணி மேல பலகைய போட்ட மாதிரி ஆயிடும். வளைவுல சாய்க்கும்போது ஏதோ ஒரு விளிம்பு மேல ஏறி இறங்குற மாதிரி வண்டி திடுக்குன்னு விழுதுன்னு சிலபேர் சொல்வீங்க, ஃபோர்க்க பாரு, பேரிங்க பாருன்னு நிப்பீங்க. பாதி நேரம் அது தட்டையான டயர்தான்.

நம்ம மும்பைல இது எவ்வளவு முக்கியம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுருஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டின ஊரு இது. அந்த மாதிரி நாள்ல யாரும் வண்டிய எடுக்க மாட்டாங்க, என் பயம் அது இல்ல. ஜூன் மொத மழை, அதுவும் சும்மா தூறல் போடுற அந்த மொத அரை மணி நேரம், அதுதான் பயம். எட்டு மாசமா ரோட்ல ஊறி கிடந்த ஆயிலும் தூசியும் மேல மிதந்து வரும், அதோட பேவர் பிளாக், ஜீப்ரா கிராசிங் பெயின்ட், மூடி போட்ட மேன்ஹோல், மெட்ரோ வேலைக்கு போட்டு வெச்ச இரும்பு தகடு. நல்ல டயரே இதுல யோசிச்சுதான் நிக்கும்.

ஏபிஎஸ் பிரேக் இருக்குண்ணேன்னு சொல்றவங்களுக்கு. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல வர்ற புது வண்டி எல்லாத்துலயும் ஏபிஎஸ் இருக்கு, நல்ல விஷயம். ஆனா அது சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கும், அவ்வளவுதான், டயர்ல இல்லாத பிடிய அது எங்க இருந்து கொண்டு வரும்?

அப்புறம் அந்த நூல். பட்டனுக்கு அடியில கொஞ்சம் ரப்பர், அதுக்கு அடியில நைலான் நூல் அடுக்கு, அந்த நூல்தான் உள்ள இருக்கிற காத்த தாங்கி நிக்குது. அது வெளிய வந்துட்டா ரோட்ல தேய்ஞ்சு ஒவ்வொண்ணா அறுந்துக்கிட்டே வரும், தண்ணியும் உள்ள இறங்கும், அப்புறம் ஒரு நாள் ஆள் பின்னாடி உக்காந்திருக்கும்போதோ பள்ளத்துல இறங்கும்போதோ டப்புனு வெடிக்கும். ட்யூப் டயர்னா ஒரே நொடியில காத்து போயிடும். முன் சக்கரத்துல நடந்தா ஹேண்டில பிடிக்கவே நேரம் கிடைக்காது. அதுல கயிறு வெச்சா கயிறு பிடிக்க சதை வேணாமா? கிழிஞ்ச துணியில தையல் போடுற மாதிரி, போடுற இடமே பிஞ்சு வரும்.

நீங்களே வீட்ல பாருங்க, எங்கள நம்பணும்னு இல்ல. டயர் சைடுல சின்ன முக்கோணமோ, இல்ல டி டபிள்யூ ஐன்னு மூணு இங்கிலீஷ் எழுத்தோ இருக்கும். அதுக்கு நேரா மேல வெட்டுக்குள்ள விரல விட்டா சின்னதா ஒரு மேடு தட்டும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா டயர் ஆயுசு முடிஞ்சுது. மோட்டார் வாகன விதிப்படி டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டராவது பட்டன் இருக்கணும். என்னக் கேட்டா அது சட்டத்துக்கு போதும், நம்ம ஊரு மழைக்கு பத்தாது, 2 மில்லிமீட்டர் வந்ததுமே மே மாசத்துல மாத்திடுங்கன்னுதான் சொல்வேன். சைடுலயே நாலு நம்பர் ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நிறைய இருந்தும் சைடுல பொடி பொடியா வெடிப்பு விட்டிருந்தா அதையும் கொண்டு வந்து காட்டுங்க, கொரோனா நேரத்துல நிறுத்தி வெச்ச ஸ்கூட்டர் நிறைய அப்படி வருது.

காத்து வாரத்துக்கு ஒரு தடவை, டயர் சூடேறாம இருக்கும்போது. எவ்வளவுன்னு செயின் கவர்லயோ, பின் சக்கரத்த தாங்குற ஸ்விங் ஆர்ம்லயோ ஸ்டிக்கர் இருக்கும், ஒரு ஆளுக்கு தனி, ரெண்டு ஆளுக்கு தனி. காத்து கம்மினா ரெண்டு ஓரமும் தேயும், அதிகம்னா நடுவு தேயும், பாதி டயர் இதனாலதான் சீக்கிரம் போகுது.

இன்னொண்ணு, இத கோவமாவே சொல்றேன். பழைய மொட்டை டயர எடுத்து சூடான கத்தியால புதுசா வெட்டு போட்டு கருப்பு பாலிஷ் அடிச்சு பாதி விலைக்கு விக்கிறாங்க. எனக்கே ஆரம்பத்துல ஒரு மார்க்கெட்ல ஒரு கட்டு அப்படி தலையில கட்டிட்டாங்க, வெட்டுக்குள்ள பார்த்தப்பதான் தெரிஞ்சுது, அடியில நூலு. இருக்கிற கொஞ்ச ரப்பரையும் சீவி எடுத்தது அது. வாங்காதீங்க. மலிவுதான் வேணும்னா சின்ன கம்பெனி டயரா இருந்தாலும் புதுசு வாங்குங்க.

காசு கஷ்டம்னு எனக்கு தெரியும், யாரும் ஆசைப்பட்டு மொட்டை டயர்ல ஓட்டல. அதனால டயர இப்ப மாட்டிட்டு போங்க, பாதி பணம் குடுங்க, மீதிய ரெண்டு மாசத்துல சம்பளம் வந்ததும் குடுங்க, வட்டி கிடையாது, நோட்டுல பேரும் வண்டி நம்பரும் எழுதிக்கிறோம், அவ்வளவுதான். புது டயர் போட்டதும் மொத 100 கிலோமீட்டர் நிதானமா போங்க, மேல இருக்கிற வழவழப்பு தேயணும்.

நூல் தெரிஞ்சு வண்டி ரோட்ல நின்னுட்டா தள்ளிக்கிட்டு அலைய வேண்டாம், கடைக்கு போன் பண்ணுங்க. தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா வரைக்கும் பையன் வந்து சக்கரத்த கழட்டி எடுத்துட்டு வந்து டயர் மாத்தி திரும்ப மாட்டி குடுப்பான், அதுக்கு தனி கூலி இல்ல. மே மாசம் முழுக்க காலையில எட்டுல இருந்து பத்து வரைக்கும் பட்டன் அளந்து சொல்றது ஃப்ரீ, எங்ககிட்ட வாங்கணும்னு கட்டாயமும் இல்ல.