எமரால்டு, அவலாஞ்சி அணைகளில் மீன் இருப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
எமரால்டு, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: எமரால்டு, அவலாஞ்சி அணைகளில் ட்ரவுட் போன்ற இரைபிடி மீன்களின் (பிற உயிர்களை வேட்டையாடித் தின்னும் மீன்களின்) குஞ்சுகளை விடுமுன் நீர்வாழ் உயிர்களைக் கணக்கெடுக்கவும், மீன்பிடி விதிகளைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

அணைக்கரையில் தேயிலையும் கேரட்டும் பயிரிட்டு வாழும் நாங்கள், மாலையில் தூண்டில் போட்டுக் குழம்புக்கு மீன் பிடிப்பவர்களும்தாம். ஆகவே, அணையில் மீனே கூடாது என்று கேட்க இம்மனுவை எழுதவில்லை.

ட்ரவுட் இம்மலையின் மீன் அன்று. 1907-இல் அவலாஞ்சியில் மீன்வளர்ப்பு வல்லுநர் ஹெச். சி. வில்சன் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த பிறகே அது இவ்வோடைகளில் நிலைத்தது. சென்ற மழைக்காலத்தில் எங்களுள் ஒருவர் பிடித்த, ஒரு சாண்கூடத் தேறாத ட்ரவுட்டின் வயிற்றை அரிந்தபோது, மிளகைக் கொட்டியதுபோலத் தலைப்பிரட்டைகளும், கல்லடியில் வாழும் பூச்சிப் புழுக்களும் வெளிவந்தன. குஞ்சு மீனுக்கே இவ்வளவு இரை வேண்டுமெனில், ஆயிரக்கணக்கில் விட்டால் ஓடைத் தவளைகள் என்னாகும் என்று அன்று கரையிலேயே பேசிக்கொண்டோம்.

அதே வேளையில், இருக்கும் பெரிய மீன்களை முற்றாகப் பிடித்துவிடுவதும் தீர்வாகாது. பெரியவை போனால் சிறுமீன்கள் பெருகி, பாசியை மேயும் நீர்த்தெள்ளுகள் என்ற நுண்ணிய உயிர்களைத் தின்று தீர்க்க, தண்ணீர் பச்சையாகிவிடும். 1939-இல் இலங்கையிலிருந்து இம்மாவட்டத்துக்கு வந்த சாதாக் கெண்டையோ அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குகிறது. பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை மட்டும் விதித்தால் எல்லோரும் பெரிய மீனையே குறிவைப்பர். மிகுதியாக முட்டையிடும் தாய்மீன்களோ அவைதாம்.

எனவே, உயிர்க் கணக்கெடுப்பு முடியும்வரை இரைபிடி மீன்குஞ்சுகளை விடுவதை நிறுத்திவைக்கவும், அளவு வரம்பில் மேல்வரம்பையும் சேர்க்கவும், ட்ரவுட் முட்டையிடும் குளிர்காலத்தில் ஓடை முகத்துவாரங்களில் மீன்பிடிப்பைத் தடைசெய்யவும் வேண்டுகிறோம். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கன் கெளுத்தியை எவரும் கொண்டுவந்து விடாதபடி கண்காணிக்கவும் வேண்டும். இக்குளிரில் அது பெருகாது என்பார் உண்டு, ஆயினும் தடை தடைதானே. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம் என்பதைக் கரையில் தமிழ்ப் பலகையாக எழுதி வைத்தால் போதும், மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

கணக்கெடுக்க வரும் அலுவலர்களுக்கு ஓடைகளைக் காட்டி உடன்வர எங்கள் ஊர் இளைஞர்கள் ஆயத்தமாக உள்ளனர்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இடம்: எமரால்டு