பழைய வீடுகளைப் படமெடுப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக உதகை செல்லும் மலைச்சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே தெரியும் பழைய பங்களாக்களைப் படமெடுப்போர் பெருகிவிட்டனர். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நல்ல ஆவணங்களாகக்கூடிய அந்தப் படங்கள் வெறும் காட்சிகளாகவே நின்றுவிடுகின்றன என்பதே என் ஆதங்கம்.

எந்தப் படத்தைப் பார்த்தாலும் முகப்பும் மூடுபனியும்தான். எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்புகூட இருப்பதில்லை. வீட்டின் வயதை முகப்பைவிடக் கூரையும் சுவருமே தெளிவாகச் சொல்லும். மங்களூர் ஓடு 1860-களில்தான் தொழிற்சாலைகளில் உருவாகத் தொடங்கியது. ஆகவே 1820-களில் கட்டியதாகச் சொல்லப்படும் வீட்டில் அந்த ஓடு வேயப்பட்டிருந்தால், வீடு பிந்தியதாக இருக்க வேண்டும். இல்லையேல் கூரை பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வேண்டும். தயாரித்தவர் பெயர் பெரும்பாலும் ஓட்டிலேயே பதிந்திருக்கும் என்பதால், முற்றத்தில் உடைந்து கிடக்கும் ஓர் ஓட்டின் படம், அழகான முகப்புப் படங்கள் பலவற்றைவிட மேலானது. காரை உதிர்ந்த இடத்தில் தெரியும் கல்லும் மண்சாந்தும், புகைபோக்கி, கூரை விளிம்பின் மரவேலைப்பாடு ஆகியவையும் அப்படித்தான்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் கட்டிய பெத்தகல் பங்களா, பாழடைந்து கிடந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு இன்று நினைவகமாக நிற்கிறது. உதகையில் 1822-இல் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. பேர் பெற்ற இவை பிழைத்துக்கொண்டன. தனியார் கைகளில் உள்ள பெயரறியா வீடுகளோ விடுதி கட்டுவதற்காக இடிக்கப்பட்டால், அவை இருந்ததற்கான சான்றே மிஞ்சாது.

பழைய வீடு என்றதும் வெள்ளையர் பங்களாவை மட்டுமே நினைப்பதும் சரியன்று. சல்லிவன் மலையேறும் முன்பே இங்கே படுகர் இன மக்களின் ஹட்டிகள் எனப்படும் ஊர்கள் இருந்தன. பொதுச்சுவரோடு வரிசையாக அமைந்து, பாலுக்கென்று தனி இடம் ஒதுக்கிய அங்குள்ள பழைய வீடுகள், கான்கிரீட் வீடுகளுக்கு இடம்விட்டு வேகமாக மறைகின்றன. பங்களாவைவிட முதலில் படமெடுக்க வேண்டியவை இவைதாம் என்பேன். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுத்தால் வீட்டின் கதையும் சேர்ந்து கிடைக்கும். எஸ்டேட் பங்களாக்களிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்; கேட்டைத் தாண்டி உள்ளே நுழைவது முறையன்று.

மரபுக் கட்டடங்களைக் காக்க மாநில அரசு 2012-இலேயே சட்டம் இயற்றியுள்ளது. ஆயினும், என்னென்ன வீடுகள் எஞ்சியுள்ளன என்பதே தெரியாமல் எதைக் காப்பது? மாவட்ட நிர்வாகம் ஊர்வாரியாகப் பட்டியல் தயாரிக்க வேண்டும். இடமும் நாளும் குறித்த படங்களைப் பொதுமக்களிடமிருந்து பெற்று, உரிமையாளரின் இசைவோடு பெத்தகல் நினைவகத்திலேயே தொகுத்து வைக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது; பொறுப்பேற்க ஓர் அலுவலரை நியமித்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி