தண்டவாளத்துலயும் கரண்ட் திரும்பி போகுதுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க,

போன வாரம் நம்ம பேப்பர்ல ரயில் பாதைல ஒயர் திருடுன செய்தி வந்துச்சுங்களே, அதுல தண்டவாளத்தோட கட்டியிருக்கற ஒயரும் பட்டையும் இடி தாங்கறதுக்குன்னு போட்டிருந்தீங்க, அது தப்புங்க. நான் ரயில்வேக்காரன் இல்ல, பீளமேட்டுல மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வெச்சிருக்கறவன், ஆனா இந்த சங்கதி மில்லு மோட்டாருக்கும் ரயிலுக்கும் ஒண்ணுதான்.

மேல ஒயர்ல 25,000 வோல்ட் வந்து இன்ஜின் கூரை மேல ஒயரை தொட்டுக்கிட்டு இருக்கற பாண்டோ வழியா உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மருக்கு எறங்குது, அது எல்லாருக்கும் தெரியும். அந்த கரண்ட் அங்கயே தீர்ந்து போயிராதுங்க, சக்கரம், தண்டவாளம், கொஞ்சம் மண்ணு வழியாவும் சப்ஸ்டேஷனுக்கே திரும்பணும். 6,350 எச்.பி. டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜின் முழு லோடுல இழுத்தா கிட்டத்தட்ட 200 ஆம்பியர், கணக்கு போட்டு பாருங்க.

மில்லுகள்ல மோட்டார் வேகத்தை கூட்டி கொறைக்கற எலக்ட்ரானிக் டிரைவ் மாட்டுனதுக்கு பொறவு எங்க பட்டறைக்கு வர்ற மோட்டார்ல காயில் நல்லாத்தான் இருக்கும், பேரிங் மட்டும் ஊளையிடும். கழட்டி பாத்தா குண்டு உருளற வளையத்துக்குள்ள (ரேஸ்) ஆட்டுக்கல்லுக்கு கொத்து வெச்ச மாதிரி வரிவரியா இருக்கும். ஷாஃப்ட்ல ஏறுன கரண்ட் வேற வழி இல்லாம பேரிங் உள்ளாற பொறி விட்டு தாண்டுன தடம் அது. ரயில்லயும் இதே வம்புதான், அதான் அச்சு முனைல ஸ்பிரிங் வெச்சு கார்பன் பிரஷ்ஷை அழுத்தி, பேரிங்கை தொடாம கரண்டை சக்கரத்துக்கு எறக்கறாங்க. பிரஷ் தேஞ்சு போச்சுன்னா பேரிங் மாட்டிக்கும், வேகமா ஓடற வண்டில பேரிங் சூடேறுனா வெளையாட்டு இல்லீங்க.

வந்தே பாரத் மாதிரி வண்டில மோட்டார் பல பெட்டிக்கடியில இருக்கறதால எர்த் எடுக்கற எடமும் பல. எர்த் அதிகம்னா நல்லதுதானேன்னு தோணும், ஆனா தண்டவாளத்துல போற கரண்ட் ஒரு பெட்டி சக்கரத்துல ஏறி பாடி வழியா ஓடி இன்னொரு பெட்டில எறங்கிரும். அதை மட்டுப்படுத்த சில அதிவேக ரயில்கள்ல பாடி எர்த்துல சின்ன ரெசிஸ்டர் போடறாங்க. 2023 ஏப்ரல் 8 கோவை வந்தே பாரத் ஆரம்பிச்சப்ப சீட்டு, சோறு பத்தி பக்கம் பக்கமா போட்டீங்க, இதுல ஒரு வரி போட்டிருக்கலாம்.

இப்ப திருட்டுக்கு வர்றேன். தண்டவாளத்தோட தண்டவாளத்தை சேர்க்கற ஒயரை அறுத்தா ரெண்டு முனைக்கு நடுவுல வோல்டேஜ் நிக்கும், ரெண்டையும் சேத்து தொட்டவன் காலி. கம்பத்துல இருந்து தண்டவாளத்துக்கு வர்ற பட்டையை உருவிட்டா, மேல இன்சுலேட்டர் ஒடைஞ்ச அன்னிக்கு பிரேக்கர் ட்ரிப் ஆகாம கம்பமே ஷாக் அடிக்கலாம். இதை தயவு பண்ணி பெருசா போடுங்க.

எங்க வீட்டுக்கிட்ட ஒரு அம்மா அந்த பட்டையிலதான் தெனமும் ஆட்டை கட்டிட்டு இருந்தாங்க, நாலு தடவை சொல்லி இப்பத்தான் வேப்பமரத்துக்கு மாத்தியிருக்காங்க.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைக்காரர், பீளமேடு, கோவை