ஜஸ்ஸாஸை எந்தப் படியில் வைப்பாய்?

பூம்பாறை

அன்பு மகனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வேலூரிலிருந்து நீ அனுப்பிய கட்டுரையை, பரணில் விதைப்பூண்டுக் கட்டுகளைப் புகையில் தொங்கவிட்டு இறங்கிய கையோடு படித்தேன். திருப்பி அனுப்பும் தாள்களின் ஓரத்தில் கரி இருந்தால் அதுதான் காரணம்.

இமாம் அபூ ஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) ஃபுகஹாக்களை, அதாவது சட்ட அறிஞர்களை, சுயமாக ஆய்ந்து சட்டம் சொல்லும் தகுதி மேலிருந்து கீழாகக் குறையும்படி ஏழு தரங்களாகப் பிரித்த இப்னு கமால் பாஷாவின் வரிசையை நீ அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாய். உஸ்மானியர்களின் ஷைகுல் இஸ்லாமாக, அதாவது தலைமை முஃப்தியாக, இருந்து 1534-இல் மறைந்த அவருடைய பகுப்பை, பிற்காலத்தில் திமிஷ்கின் (டமாஸ்கஸின்) சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன் தம் நூலில் எடுத்தாண்டதால் அது மதரஸாக்களெங்கும் பரவியது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலேயே ருஷ்யாவின் கஸான் நகரத்து அறிஞர் மர்ஜானி அதைக் கடுமையாக மறுத்திருக்கிறார். அந்த மறுப்புக்கு உன் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அபூ ஹனீஃபாவின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் கிளைச் சட்டங்களில் மாறுபட்டாலும் அடிப்படை விதிகளில் ஆசிரியரையே பின்பற்றினார்கள் என்று சொல்லி, அவர்களை இரண்டாம் படியில் நிறுத்துகிறது அந்த வரிசை. நம் தோட்டத்தையே எடுத்துக்கொள். நிலமும் விதைப்பூண்டும் நம்முடையவை, பாடுபடுவது வாரக்காரர், விளைச்சலில் ஆளுக்குப் பாதி. இமாம் அபூ ஹனீஃபாவின் சொற்படி இந்த ஒப்பந்தம் செல்லாது. அவ்விரு மாணவர்களின் சொற்படி செல்லும், ஃபத்வாவும் (மார்க்கத் தீர்ப்பும்) அதன்மீதே. இது கிளைச் சட்டம்தானே என்று நீ கேட்கலாம், கேட்பதும் நியாயம். அப்படியானால் தானியம் அளக்கும் ஸாவு என்ற அளவைப் பார். மதீனாவுக்குச் சென்ற அபூ யூசுஃப், அவ்வூரார் தலைமுறையாகக் காத்துவந்த அளவைப் பாத்திரங்களைக் கண்டபின், ஒரு ஸாவு எட்டு ராத்தல் எடை என்ற கருத்தை விட்டு, ஐந்தும் மூன்றில் ஒன்றுமான ராத்தல் என்ற கருத்துக்கு வந்தார் என்று அறிவிக்கப்படுகிறது. சட்டம் சிறியது, ஆசிரியரின் விதியையா, மதீனாவாசிகளின் வழக்கத்தையா, அவர் எதை ஆதாரமாக ஏற்றுத் தம் கருத்தை மாற்றினார் என்பதே என் கேள்வி.

எனக்கு இதைவிட உறுத்துவது முற்கால ஹனஃபி அறிஞர் ஜஸ்ஸாஸின் இடம். ஹிஜ்ரி 370-இல் மறைந்த அவரை நான்காம் படிக்கு இறக்கிவிட்டு, 222 ஆண்டுகள் கழித்து மறைந்த இன்னொரு ஹனஃபி அறிஞரான காழீகானை மூன்றாம் படியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காழீகானுக்கு அடுத்த ஆண்டே மறைந்தவர், அவரைப் போலவே ஃபர்கானாப் பகுதியைச் சேர்ந்தவர், ஹிதாயா என்ற சட்ட நூலை எழுதிய மர்கீனானி. அவருக்கோ ஐந்தாம் படி. இரண்டு ஆண்டு குதூரி என்ற சட்டப் பாடநூலை ஓதிவிட்டு மண்வெட்டி பிடித்த எனக்கே இது இடிக்கிறதென்றால், ஓதிக்கொண்டிருக்கும் உனக்கு இடித்திருக்க வேண்டும்.

வரிசையே வீண் என்று நான் சொல்லவில்லை. கருத்துகள் முரண்படும்போது யாருடைய சொல்லை முன்வைப்பது என்று முஃப்தி அறிய ஓர் அளவுகோல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இன்ன தகுதி என்று சொல்லும் இலக்கணம் அதற்கு உதவும். பெயர்களைப் படிகளில் பொருத்தியதில்தான் பிசகு. ஆகவே இலக்கணத்தை வைத்துக்கொள். ஒவ்வொரு பெயரையும் அவரவர் நூலைப் பார்த்தபின் எழுது. திருத்திய கட்டுரை வந்ததும் ஜஸ்ஸாஸ் எங்கே இருக்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

துஆவுடன்,
அத்தா