லிண்ட்பெர்க் பெட்டியைத் திறக்கும் முன்

அன்புள்ள முரளி,

சேகாவின் ஆர்கேட் கருவியான (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் இயந்திரத்தின் மூளை) மஞ்சள் லிண்ட்பெர்க் பெட்டியும் அதில் ஓடும் சண்டை ஆட்டமான விர்ச்சுவா ஃபைட்டர் 5-இன் டிவிடியும் சேர்ந்தே கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் ஆசையில் உடனே ஓடவிட்டுவிடாதே. முதலில் நகல், பிறகுதான் ஆட்டம்.

உள்ளே இருப்பது உனக்குப் பழக்கமான சாமான்தான்: பென்டியம் 4, என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 6800 கிராஃபிக்ஸ் கார்டு, 1 ஜிபி ராம், மேலே லினக்ஸ். 2005-இல் சேகா கணினியையே ஆர்கேட் பலகை ஆக்கிவிட்டது. அதனால் 'ரோமைப் (ஆட்டம் பதிந்திருக்கும் சில்லை) படித்தாயா' என்று பழைய பலகைகளுக்குக் கேட்கும் கேள்வி இங்கே பாதிக்குத்தான் பொருந்தும். டிவிடியில் இருப்பது மறையாக்கம் செய்த தரவு. அதைப் பிரிக்கத் தேவையானது தனியாகச் செருகும் கீ சில்லில் இருக்கிறது. டிவிடியை மட்டும் காப்பாற்றினால் பூட்டைப் பத்திரப்படுத்திவிட்டுச் சாவியைத் தொலைத்த கதை. கீயின் ஸ்டிக்கரில் 317 என்று தொடங்கும் எண்ணைப் படம் எடுத்து வை.

டிவிடியை இரண்டு வெவ்வேறு டிரைவில் படித்து, இரண்டு நகலின் எஸ்எச்ஏ-1 (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) ஒன்றாக வருகிறதா பார். வரவில்லை என்றால் மூன்றாவது டிரைவைத் தேடு. கீறலைத் தேய்த்து 'சரிசெய்வது' கடைசி வழி.

பெட்டியின் ஹார்டு டிஸ்க்கை விண்டோஸில் மாட்டாதே. 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும்; கை தவறி ஒரு கிளிக், அவ்வளவுதான். லைவ் லினக்ஸில் (நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) மாட்டி, மவுன்ட் செய்யாமல், அதாவது கோப்புகளைத் திறக்காமல், எச்டிபார்ம் என்ற கட்டளை கொண்டு பாதுகாப்பு நிலையைப் பார். 'லாக்டு' என்று வந்தால் ஏடிஏ கடவுச்சொல், அதாவது டிஸ்க்குக்கே உரிய பூட்டு, போட்டிருக்கிறது. அந்த நிலையில் எந்த செக்டரைப் படித்தாலும் பிழைதான் வரும். இதைப் பார்த்துவிட்டு 'டிஸ்க் செத்துப்போச்சு' என்று தூக்கிப் போட்டவர்கள் பலர். பூட்டு இல்லை என்றால் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரல். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகட்டும், நல்லது எல்லாம் கைக்கு வந்த பிறகு விட்டவற்றை மூன்று முறை முயலட்டும். எதைப் படித்தது, எதை விட்டது என்று குறித்துக்கொள்ளும் மேப் கோப்பு கொடுக்க மறக்காதே. அது இருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விளையாட்டுக்கு வருவோம். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் போலி செய்து ஓட்டும் மாமே நிரலில் லிண்ட்பெர்க் இன்னும் ஆடும் நிலையில் இல்லை. ஒரு பென்டியம் 4-ஐயும் ஜிஃபோர்ஸையும் முழுக்கப் போலி செய்வது எந்தக் கணினிக்கும் பெரும்பாடு. அதனால் ஆர்வலர்கள் வேறு வழி பிடித்தார்கள்: ஆட்டம் 32-பிட் லினக்ஸ் நிரல் என்பதால் அதை நம் லினக்ஸிலேயே நேராக ஓட்டுவது. லிண்ட்பெர்க்-லோடர் என்ற நிரல் நடுவில் உட்கார்ந்து, ஆட்டம் ஜேவிஎஸ் பலகையை (ஜாய்ஸ்டிக், பட்டன்களை இணைக்கும் ஆர்கேட் பலகை) தேடினால் தானே பதில் சொல்லிவிடும். உன் 64-பிட் லினக்ஸில் 32-பிட் ஓபன்ஜிஎல் (படம் வரையும்) டிரைவர் இல்லாவிட்டால் கருப்புத் திரைதான். முதலில் அதைப் பார். என்விடியா கார்டு என்றால் தலைவலி குறைவு, ஏனென்றால் ஆட்டத்தின் ஷேடர்கள் (ஒளி, நிறம் கணக்கிடும் சிறு நிரல்கள்) அந்தக் கார்டை வைத்தே எழுதப்பட்டவை. டெஸ்ட் மெனுவில் மாற்றிய அமைப்பை ஆட்டம் மறந்துபோகிறதா? அமைப்புகள் பதியும் ஈஈபிராம் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்.

உன் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாய். அதை 60-க்கு இறக்கு. இந்தத் தலைமுறை ஆட்டங்கள் பலவும் திரையின் வேகத்தையே கடிகாரமாக நம்புகின்றன. இறக்காவிட்டால் ஆட்டத்தின் வீரன் அகிரா, சினிமாவை வேகமாக ஓட்டிவிட்ட மாதிரி பறப்பான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஜேவிஎஸ் கேபிளின் முனை யுஎஸ்பி மாதிரியே இருக்கும். அது யுஎஸ்பி இல்லை, ஆர்எஸ்-485 என்ற வேறு வகை இணைப்பு. கணினியில் செருகிவிடாதே. அசல் ஜாய்ஸ்டிக் பலகையைக் கணினியோடு இணைக்க வேண்டுமென்றால் யுஎஸ்பி-ஆர்எஸ்-485 மாற்றி வாங்கு, வேகம் நொடிக்கு 115200 பிட், பலகை இணைந்திருப்பதைத் தெரிவிக்கும் சென்ஸ் கம்பியையும் தனியே கவனிக்க வேண்டும். வெறுமனே ஆடுவதற்கு ஒரு சாதாரண ஃபைட்ஸ்டிக் (யுஎஸ்பியில் செருகும் ஆர்கேட் பாணி ஜாய்ஸ்டிக்) போதும்.

கீயின் படத்தை அனுப்பு.

அன்புடன்,
சந்திரன்