இடது முன்கதவு: மாற்றியதாக வாங்கிய பணமும், மாற்றாத கதவும்

சுங்கை சிப்புட் (வடக்கு), பேராக்
18 நவம்பர் 2024

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: 2008 ஹைலக்ஸ் வண்டியின் இடது முன்கதவு வேலை பற்றிய புகார்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் பட்டறையின் ஈப்போ கிளைக்கு ஆறு தடவை நேரில் வந்துவிட்டேன். போன் மட்டும் பதினேழு தடவை. என் மகள் கைப்பேசியைப் பார்த்து எண்ணிச் சொன்னாள். வாய் வலிக்கப் பேசியாயிற்று. இனி எழுதத்தான் முடியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கிளையில் நடப்பதெல்லாம் உங்கள் காதுக்கு வந்திருக்காது என்று நம்பி மரியாதையோடு தொடங்குகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

என் வண்டி உங்களுக்குத் தெரிந்ததுதான். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்-அப், 2.5 டீசல், டபுள் கேப் (முன்சீட், பின்சீட், நாலு கதவு), சில்வர் நிறம். ரசீது எண், வண்டி எண் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. வண்டியைச் செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினாறு வருடம் செம்மண்ணிலும் சேற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை சுமந்த வண்டி அது; இன்றுவரை இன்ஜினைப் பிரித்ததில்லை. என் குறையெல்லாம் அந்த ஒரு கதவில் உங்கள் ஆட்கள் செய்த வேலையைப் பற்றியது.

செப்டம்பர் 7, சனிக்கிழமை, குலை நிறுக்கும் இடத்தில் ஒரு டிராக்டர் பின்னால் எடுத்தபோது அதன் டிரெய்லர் மூலை என் இடது கதவில் ஏறிவிட்டது. கைப்பிடிக்குக் கீழே குழிந்து, அடிவிளிம்பு பிளந்து, பூட்டும் பிடிக்காமல் போனது. டிராக்டர்காரர் நல்ல மனிதர், தன்னால் முடிந்த முந்நூறு வெள்ளியை (ரிங்கிட்டை) கையில் கொடுத்தார். நைலான் கயிற்றால் கதவை சீட்டோடு கட்டிக்கொண்டு 11ஆம் தேதி உங்களிடம் வந்தேன். தமிழ் வானொலியில் உங்கள் விளம்பரத்தைக் கேட்டு, நம்மவர் கடை என்று நம்பி வந்தேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

உங்கள் ஃபோர்மேன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தட்டி நிமிர்த்தினால் நிற்காது, அடியில் ஏற்கெனவே துரு பிடித்திருக்கிறது, முழுக் கதவையே மாற்றிவிடலாம் என்றார். ஹாஃப்-கட் வண்டியில் (பாகங்களுக்காகப் பாதியாக வெட்டிய பழைய வண்டியில்) கழற்றிய ஒரிஜினல் கதவு, பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,450 வெள்ளி. முன்பணம் 700. பத்து வேலை நாளில் முடியும் என்றார். தட்டி நிமிர்த்துவதற்கென்றால் நான் ஈப்போ வந்திருக்க வேண்டியதே இல்லை. எங்கள் ஊரிலேயே ஐந்நூறு வெள்ளிக்குச் செய்து கொடுப்பார்கள். மாற்றித் தருகிறோம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பணத்தை எண்ணி வைத்தேன்.

ஐயா, அந்தக் கதவு மாற்றப்படவில்லை. என் பழைய கதவுக்கே சிமென் (குழியை நிரப்பும் பசை) பூசி, பெயிண்ட் அடித்து, என்னிடமே திருப்பி விற்றிருக்கிறார்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. அவர் பிடித்து ஏறுவதற்காக 2011இல் நானே அந்தக் கதவின் உட்புறம் ஒரு கைப்பிடி மாட்டினேன். அதற்காக உட்தகட்டில் நான்கு ஓட்டை போட்டு, துருப்பிடிக்காமல் இருக்க ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பு ரெட் ஆக்சைடு தடவியிருந்தேன். அக்டோபர் 28ஆம் தேதி வண்டியை எடுக்க வந்தபோது, புதுக் கதவிலும் அம்மாவின் கைப்பிடியை மறக்காமல் மாட்டித் தந்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். மீதி 750 வெள்ளியைக் கொடுத்து, உங்கள் பையனுக்குத் தீபாவளிக் காசாக இருபது வெள்ளியும் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு எங்கள் ஊர் சீன ஃபோர்மேன் கதவின் உள்அட்டையைக் கழற்றியபோது, அதே நான்கு ஓட்டை, அதே சிவப்பு. என் கை தடவிய பெயிண்ட் எனக்குத் தெரியாதா?

அவர் ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் மேல் வைத்தார். மேல்பாதியில் ஒட்டியது. இடிபட்ட இடத்தில் நழுவிக் கீழே விழுந்தது. அவ்வளவு தடிப்பாகச் சிமென் போட்டிருக்கிறார்கள். படம் பிடித்து வைத்திருக்கிறோம்.

இதைக் கேட்கத்தான் நவம்பர் 5ஆம் தேதி ஆறாவது தடவையாக வந்தேன். கவுண்டரில் இருந்த உங்கள் ஆள் படத்தைப் பார்க்கவே இல்லை. "பழைய வண்டிக்கு வாரண்டி கிடையாது அங்கிள், ரசீது பின்னால எழுதியிருக்கு" என்றார். வாரண்டியை யார் கேட்டார்கள்? நான் காசு கொடுத்த கதவு எங்கே என்று கேட்டேன். அது வந்ததா, வரவே இல்லையா, வேறு யாருடைய வண்டிக்காவது போய்விட்டதா? எதற்கும் பதில் இல்லை.

அந்தக் கவுண்டர்காரரைப் பற்றி நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் மறந்தாலும் அக்டோபர் 9ஆம் தேதியை மறக்க மாட்டேன். முதல் நாள் மாலை அவரே போன் செய்து, கதவு வந்துவிட்டது, காலையில் ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார். அன்று அம்மாவுக்கு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கும் தவணை. அதைத் தள்ளிப்போட்டேன். வண்டியில் குலை ஏற்ற வேண்டிய வேலையையும் விட்டுவிட்டு, கந்தான், சிம்மோர் வழியாகப் பழைய சாலையில், கயிறு கட்டிய கதவோடு, மழையில் வந்தேன். ஒன்பது மணிக்கு முன்பே உங்கள் வாசலில் நின்றேன். பத்தானது. பன்னிரண்டானது. பெயிண்ட் அடிப்பவர் வரவில்லை என்றார்கள். பிறகு, ஸ்டோர் சாவி இன்னொருவரிடம் இருக்கிறது என்றார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டே, "இன்னிக்கு முடியாதுலா, அடுத்த வாரம் போன் பண்றேன்" என்றார்.

என் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைக்க முடியவில்லை, அதனால்தான் அவசரம் என்று சொன்னேன். பின்சீட்டில் முட்டியை மடக்கி உட்கார அவரால் முடியாது. அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டபுள் கேப்புதானே அங்கிள், நாலு கதவு இருக்கு, வேற கதவுல ஏத்துங்க. எஸ்டேட்டுக்குள்ள ஓடற வண்டிக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

என் மகன் வயதுள்ள பையன். அங்கே நான்கு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்தார். எஸ்டேட் என்றால் என்ன ஐயா? அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த ஊர் எங்கள் சுங்கை சிப்புட். தோட்டத்து லயத்தில் பிறந்தவன் கொடுக்கும் காசும் அதே காசுதானே? உங்கள் கவுண்டரில் அதைத் தனியாக எண்ணினார்களா? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கதவு வேலையில் தவறு நேரலாம், மனிதன் செய்வது. அந்தப் பேச்சு தவறி வந்த பேச்சு அல்ல.

இரண்டாவது தடவை வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். செப்டம்பர் 25. அன்று உண்மையிலேயே ஒரு கதவு இருந்தது. வண்டியோடு வைத்துப் பார்த்தால் நீளம் அதிகம். ஏனென்றால் அது சிங்கிள் கேப் (பின்சீட் இல்லாத, இரண்டு கதவு வண்டி) கதவு. சிங்கிள் கேப்பின் கதவு டபுள் கேப்பின் முன்கதவைவிட நீளம் என்பது எனக்கே தெரியும். இதையே தொழிலாகச் செய்யும் உங்களுக்குத் தெரியாதா? முன்பணம் வாங்கும்போது சேஸி எண்ணை எதற்கு எழுதிக்கொண்டீர்கள்? கதவை ஒரு முறை அளந்து பார்த்திருந்தால் அந்தப் பயணமே எனக்கு மிச்சமாகியிருக்கும். 2024 ஜூன் 10 அன்று டீசல் 2.15லிருந்து 3.35க்கு ஏறிய பிறகு, ஈப்போவுக்குச் சும்மா போய்வருவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான்காவது தடவை அக்டோபர் 23 அன்று வண்டியை விட்டுவிட்டு மகளின் காரில் திரும்பினேன். கதவு செய்ததாகச் சொல்வது அன்றிலிருந்து 28ஆம் தேதி வரையான நாள்களில்தான்.

இப்போது தீபாவளியன்று நடந்தது. அக்டோபர் 31, காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மாவுக்குப் புதுச் சேலை கட்டி, இரண்டு மாதத்துக்குப் பிறகு முன்சீட்டில் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கிளம்பினோம். முந்தின இரவு முழுவதும் மழை. முதல் வளைவில் வண்டியைத் திருப்பியதும் கதவுக்குள் சளக்கென்று சத்தம் கேட்டது. அடுத்த வளைவில் உள்அட்டையின் கீழிருந்து தண்ணீர் கொட்டி அம்மாவின் கால், சேலை, அர்ச்சனைத் தட்டு எல்லாம் நனைந்துவிட்டது. துருவும் சேறும் கலந்த தண்ணீர். நல்ல நாளில் அவர் அழுததைப் பார்த்தேன். கோயிலுக்குப் போகாமலே வீட்டுக்குத் திரும்பினோம்.

காரணத்தை எங்கள் ஊர் ஃபோர்மேன் விளக்கினார். உங்களுக்குத் தெரியாததல்ல. கண்ணாடி ஓரமாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அடிவிளிம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். உள்அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அதை வண்டிக்குள் வரவிடாமல் தடுக்கும். உங்கள் ஆட்கள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். திரும்ப ஒட்டவில்லை. அடியிலிருந்த ஓட்டைகளையோ சிமென்னும் சீலரும் பூசி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் எங்கே போகும்? அவர் ஒரு கம்பியால் ஓட்டையைக் குத்தித் திறந்ததும் அரை வாளித் தண்ணீர் இறங்கியது. துருப்பிடித்த கதவு என்று சொல்லிப் பணம் வாங்கியவர்களே, அது இன்னும் வேகமாகத் துருப்பிடிக்க வழி செய்திருக்கிறார்கள்.

பெயிண்டைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. சில்வர் நிறத்தைப் பொருத்துவது கஷ்டம், பக்கத்துத் தகடுவரை லேசாக இழுத்து அடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். உங்கள் ஆட்கள் கதவை மட்டும் அடித்திருக்கிறார்கள். வெயிலில் பார்த்தால் வேறொரு வண்டியின் கதவு போலத் தெரிகிறது. கீல் பக்கம் மேலே விரல் நுழையும் இடைவெளி, கீழே தகடு உரசுகிறது. இரண்டு தடவை ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது. எழுபத்தெட்டு வயதுக் கை எப்படி அடிக்கும்?

எனக்கு ஏற்பட்ட நட்டத்தைச் சொல்கிறேன். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும். கிடந்தால் தரம் குறையும், விலையை வெட்டுவார்கள். வண்டி உங்களிடம் கிடந்த நாள்களில் லோரி வாடகைக்கு மட்டும் 480 வெள்ளி. வாடிக்கையாகக் குலை ஏற்றக் கொடுத்த இரண்டு பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஆறு நாள் வேலை, டீசல், தள்ளிப்போன மருத்துவத் தவணை, பாழான தீபாவளி, அம்மா சிந்திய கண்ணீர், எல்லாவற்றையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் வெள்ளிக்கு ஒரு சென்னும் குறையாது. இந்தக் கதவு என் பிழைப்பையே ஆட்டிவிட்டது.

நான் சண்டைக்காரன் இல்லை ஐயா. நம்மவர் தொழில் செழிக்க வேண்டும் என்று நினைப்பவன். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் எனக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, காசு வாங்கிச் செய்யும் வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் ரசீதின் பின்னால் அச்சடித்த வரி அதைவிடப் பெரியதா? பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க ஐந்து ரிங்கிட்தான் கட்டணம். ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை கோரலாம். வக்கீலும் தேவையில்லை. மனுப் பாரத்தை மகள் எடுத்து வைத்துவிட்டாள், நான் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது இதுதான். ரசீதில் எழுதியபடி டபுள் கேப்புக்கான இடது முன்கதவை, மாட்டுவதற்கு முன் என் கண்ணில் காட்டிவிட்டு மாட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அடி ஓட்டைகள் திறந்திருக்க, கதவு ஒரே தள்ளில் மூட வேண்டும். அம்மாவின் கைப்பிடியையும் அதில் மாட்ட வேண்டும். முடியாதென்றால் 1,450 ரிங்கிட்டையும் லோரி வாடகை 480ஐயும் திருப்பிக் கொடுங்கள். மற்ற நட்டத்தை நடுவர் மன்றத்துக்குப் போகாமலே பேசித் தீர்க்க நான் தயார். கவுண்டரில் இருக்கும் அந்தத் தம்பி என் அம்மாவிடம் போனிலாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிசம்பர் 2ஆம் தேதி வரை காத்திருப்பேன். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. வண்டியை இனி நான் ஈப்போவுக்குக் கொண்டு வர முடியாது. உங்கள் ஆள்தான் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். பகலில் தோட்டத்தில் இருப்பேன், சிக்னல் கிடைக்காது. இரவு ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். தயவுசெய்து நீங்களே பேசுங்கள், அந்தக் கவுண்டரிலிருந்து வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல் இரண்டு, கதவின் உட்புறப் படங்கள் ஆறு, லோரி வாடகைச் சீட்டு