விசா கொடுத்தீர்கள், விலாசம் கொடுக்கவில்லை

தொலைவேலை விசா வழங்கும் நாடுகளின் குடிவரவுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஒரு நாட்டு நிறுவனத்துக்கு லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டு, இன்னொரு நாட்டில் தற்காலிக விசாவில் தங்கியிருப்பவர்களில் நானும் ஒருவன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். விசா தரும் அன்றே, உள்ளே வந்தபின் நாங்கள் யார் என்று சொல்லும் அடையாள அட்டையையும் தாருங்கள். வரிக்கணக்கில் எங்கள் நிலை என்ன என்பதையும் அதோடு எழுதிக் கொடுங்கள்.

2020-இல், கொரோனா காலத்தில், எஸ்தோனியாவும் பார்படோஸும் இப்படியொரு விசாவைக் கொண்டுவந்தன. பிறகு குரோஷியா, போர்ச்சுகல், மலேசியா, ஸ்பெயின், தென்கொரியா, ஜப்பான், தாய்லாந்து என்று வரிசை நீண்டது. அதற்கு முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்களில் பலர் சுற்றுலா விசாவில்தான் வருவார்கள். எல்லையில் கேட்டால் "ஊர் சுற்ற" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் உட்கார்ந்து மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொய்க்கு இப்போது அவசியமில்லை. அந்த வகையில் உங்களுக்கு நன்றி, மனதாரத்தான் சொல்கிறேன்.

விசா தரும் முன் எங்களைத் துருவித் துருவிப் பார்க்கிறீர்கள். ஜப்பானுக்கு ஆண்டு வருமானம் 1 கோடி யென் இருக்க வேண்டும். பார்படோஸுக்கு 50,000 அமெரிக்க டாலர். போர்ச்சுகலுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு. தாய்லாந்து கையிருப்பில் 5 லட்சம் பாட் காட்டச் சொல்கிறது. சரி, கேட்பது உங்கள் உரிமை. ஆனால் இத்தனையும் சரிபார்த்து நீங்கள் ஒட்டித் தரும் விசாவை உங்கள் ஊர் வங்கியே மதிப்பதில்லையே!

நான் கணக்குத் தொடங்கப் போன இடத்தில், கவுன்ட்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் திரையில் குடியிருப்பு எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. வரிசையாகப் பூஜ்யங்களைத் தட்டிப் பார்த்தார், அதையும் ஏற்கவில்லை. மேலாளர் வந்து அதே கட்டத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "வாடகை ஒப்பந்தமாவது இருக்கிறதா?" என்றார். உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால்தான் ஒப்பந்தம் என்று வீட்டு ஓனர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதேதான். கவுன்ட்டர் பெண் மீது தப்பே இல்லை. எங்களை அந்தக் கட்டத்துக்குள் அடக்க ஓர் எண்ணை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஒப்பந்தம் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக் கணக்கில் விடும் வீடுகளைத் தேடிப் போவார்கள். லிஸ்பனிலும் பார்சிலோனாவிலும் வாடகை ஏற்றத்தை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியபோது, அந்த வகை வீடுகள் மீதும் கோபம் திரும்பியது. அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் சம்பளம் வேறு நாட்டுக் கணக்கில் வருவதால், கேட்ட வாடகையைக் கொடுத்துவிடுகிறோம் என்பதும் உண்மைதான். ஆனால் எங்களை அந்த வீடுகளுக்குத் தள்ளுவதில் உங்கள் விசாவுக்கும் பங்கு உண்டு.

வரி விஷயம் இன்னும் சிக்கல். தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்த ஐந்தாண்டு விசாவில் ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். அதே நாட்டு வரித்துறையோ ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் இருந்தாலே ஒருவரை வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளர் என்கிறது. ஜனவரி 1-ஆம் தேதி வந்து முழு அனுமதிக் காலமும் இருந்தவர் அந்த வலையில் விழுவார். அக்டோபர் 1-ஆம் தேதி வந்தவருக்கு நாட்கள் இரண்டு ஆண்டுகளில் பிரிந்துவிடும், அந்தத் தங்கலால் மட்டும் அவர் மாட்டமாட்டார். இருவர் கையிலும் ஒரே விசா! இதை விசா அலுவலகத்தில் கேட்டால் வரித்துறையிடம் போ என்பார்கள், அங்கே போனால் ஆலோசகரைப் பார் என்பார்கள்.

அப்புறம், எங்கள் நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கும் தூக்கம் வராது. ஊழியர் ஒருவர் உங்கள் நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தால், நிறுவனமே அங்கே கடை விரித்ததாகக் கருதி வரி கேட்பார்களோ என்ற பயம். அதற்கு அரசின் எழுத்தில் ஒரு பதில் வேண்டும் என்கிறார்கள். அதை எங்கே போய் வாங்குவது?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. தொலைவேலை விசாவில் இருப்பவரின் வெளிநாட்டு வேலை வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்று குரோஷியா சட்டத்திலேயே எழுதிவிட்டது. வரி போடுவதென்றால் போடுங்கள், கட்டுகிறோம். ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்பெயின் வெளிநாட்டவர் அட்டையும் எண்ணும் தருகிறது. ஜப்பானில் ஆறு மாத அனுமதிதான், நீட்டிப்பு கிடையாது, குடியிருப்பு அட்டையும் கிடையாது. ஆறு மாதத்துக்கு எதற்கு அட்டை என்று நீங்கள் நினைக்கலாம். ஆறு மாதமும் வாடகை கொடுத்துத்தானே இருக்க வேண்டும்?

அட்டைக்குத் தனிக் கட்டணம் வைத்தாலும் பரவாயில்லை. அந்த அட்டை செல்லும் என்று வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள். விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்திலும் அட்டை செல்லுபடியாக வேண்டும். பழைய தேதி முடிந்து புதியது வராத அந்த இடைவெளியில் வங்கி எங்கள் கணக்கை முடக்கினால், வாடகை கட்டக்கூட வழியிருக்காது.

இப்படிக்கு,
தொலைவேலை விசாவில் இருக்கும் ஒருவன்